முந்திரிக் கொட்டையும் இருபத்திரண்டாம் குரோமோசோமும்

பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு அந்த ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெயைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை. பருப்பைச் சுற்றியிருக்கும் தடித்த ஓட்டில் நுண்ணிய அறைகள். அவற்றில் கரும்பழுப்பாய்ப் பிசுபிசுத்த ஒரு திரவம். பட்ட இடம் கறுத்து, வெந்து, தோல் உரியும். கையில் சாம்பலையோ விளக்கெண்ணெயையோ பூசிக்கொண்டுதான் வேலைக்கு உட்காருவார்கள். அந்த எண்ணெயில் பெரும்பங்கு அனகார்டிக் அமிலம். ஆஸ்பிரினின் மூலப்பொருளான சாலிசிலிக் அமிலத்தோடு பதினைந்து கார்பன் நீளத்துக்கு ஒரு வால் சேர்ந்தால் கிடைப்பது அது.

இந்த அமிலம் 2003இல் ‘ஜர்னல் ஆஃப் பயலாஜிகல் கெமிஸ்ட்ரி’ என்ற அமெரிக்க ஆய்விதழில் இடம்பிடித்தது. மனித உயிரணுவில் மரபணுக்களை எழுப்பிவிடும் பி300 என்ற புரதத்தின் நொதி வேலையை அது நிறுத்துகிறது என்பது செய்தி. எழுதியவர்கள் கே. பாலசுப்ரமணியம், வி. சுவாமிநாதன், ஏ. ரங்கநாதன், தபஸ் குண்டு. இடம், பெங்களூரு ஜக்கூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையம். நான் இதை எழுதும் ஜோகுபாளையம் அல்சூரை ஒட்டிய தமிழ்ச் சந்துகள் நிறைந்த பகுதி. இங்கிருந்து வடக்கே போய் ஹெப்பாளைத் தாண்டினால் ஜக்கூர் வந்துவிடும். மென்பொருளுக்குப் பேர்போன ஊரில் இப்படி ஒரு வேலை இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்திருக்கிறது என்பது இந்தத் தெருக்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பி300 புரதத்துக்கான மரபணுவின் பெயர் இபி300. இருபத்திரண்டாம் குரோமோசோமின் நீண்ட கரத்தில் அது இருக்கிறது. அதைப் படித்து உயிரணு கட்டுவது 2,414 அமினோ அமிலங்களைக் கோத்த ஒரு பெரும் புரதம். முதலில் அதைக் காட்டிக்கொடுத்தது ஒரு வைரஸ். சளி, காய்ச்சல் வரவழைக்கும் அடினோவைரஸ் உயிரணுவுக்குள் புகுந்ததும் இ1ஏ என்ற தன் புரதத்தை விட்டு அங்குள்ள சில புரதங்களைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடிபட்டவற்றைக் களிமத்தில் (ஜெல்லில்) ஓட்டிப் பார்த்தபோது 300 கிலோடால்டன் அளவில் ஒரு கோடு தெரிந்தது. பெயரும் அதிலிருந்துதான் வந்தது. பின்னால் கணக்கிட்டதில் எடை சுமார் 264தான், ஆனால் பெயர் நின்றுவிட்டது. ரிச்சர்ட் எக்னர், டேவிட் லிவிங்ஸ்டன் குழு பாஸ்டனில் 1994இல் இந்த மரபணுவைப் பிரித்தெடுத்தது. முந்தைய ஆண்டே ரிச்சர்ட் குட்மன் குழு சிபிபி என்ற இன்னொரு புரதத்தைக் கண்டிருந்தது. ஒப்பிட்டால் இரண்டும் உடன்பிறப்புகள்.

பி300 நேரடியாக டிஎன்ஏவைப் பிடிப்பதில்லை. எந்த மரபணு விழிக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் புரதங்கள் வேறே இருக்கின்றன. அவை போய்ச் சரியான இடத்தில் உட்கார்ந்து பி300ஐ அழைத்துக்கொள்கின்றன. அதன் பிறகுதான் ஆர்என்ஏ படியெடுக்கும் இயந்திரம் சுறுசுறுப்பாகிறது. கல்யாண வீட்டில் தாய்மாமன் தாலி கட்டுவதுமில்லை, சமைப்பதுமில்லை, ஆனால் அவர் வராமல் ஒரு சடங்கும் நகராது. பி300இன் இடம் அப்படிப்பட்டது. நானூறுக்கும் மேற்பட்ட புரதங்களோடு இதற்கும் சிபிபிக்கும் தொடர்பு இருப்பதாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள். புற்றுநோயைத் தடுக்கும் பி53, வீக்கத்தைக் கிளப்பும் என்எஃப்-கப்பா பி, ஆண் ஹார்மோனின் ஏற்பி எல்லாமே இதன் வாசலுக்கு வந்தாக வேண்டியவை.

வந்தபின் அது செய்வது என்ன? டிஎன்ஏ உட்கருவுக்குள் வெறும் இழையாகக் கிடப்பதில்லை. ஹிஸ்டோன் புரதங்களின் மேல் சுற்றிக்கிடக்கிறது. இந்தக் கட்டுக்குக் குரோமாட்டின் என்று பெயர். ஹிஸ்டோனின் வால்களில் உள்ள லைசினுக்கு நேர்மின்னூட்டம், டிஎன்ஏவுக்கு எதிர்மின்னூட்டம். அதனால் பிடிப்பு இறுக்கம். லைசினின் மேல் ஓர் அசிட்டைல் தொகுதியை ஏற்றிவிட்டால் மின்னூட்டம் போய்ப் பிடி தளரும். படியெடுக்கும் இயந்திரம் உள்ளே நுழைய வழி கிடைக்கும். ஹிஸ்டோனில் அசிட்டைல் ஏறுவதற்கும் மரபணு விழிப்பதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் வின்சென்ட் ஆல்ஃப்ரி 1964இலேயே எழுதிவிட்டார். கூர்ந்து கேட்டவர்கள் குறைவு. அசிட்டைலை ஏற்றும் நொதி கையில் அகப்படாததால் அது முப்பது ஆண்டுகள் ஊகமாகவே கிடந்தது. 1996இல் நிலைமை மாறியது. பி300க்கும் சிபிபிக்கும் அந்த நொதித்திறன் இருப்பதை அமெரிக்காவில் ஒரு குழு காட்டியது, சிபிபிக்கு இருப்பதை இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இன்னொரு குழு தனியே காட்டியது.

தபஸ் குண்டு அந்தக் கட்டத்தில்தான் இந்தத் துறைக்குள் வருகிறார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எம்.ஆர்.எஸ். ராவிடம் முனைவர் பட்டம். பிறகு ராக்ஃபெல்லரில் ராபர்ட் ரோடரின் கூடம். ஆர்என்ஏ பாலிமரேஸ்கள் பல வகை என்று 1969இல் கண்டவர் ரோடர். சோதனைக் குழாய்க்குள் படியெடுத்தலை நடத்திக் காட்டுவதில் அவர் கூடத்துக்கு நிகர் கிடையாது. குரோமாட்டினிலிருந்து படியெடுக்க பி300இன் அசிட்டைல் வேலை தேவை என்று குண்டுவும் சகாக்களும் 2000இல் காட்டினார்கள். அந்தக் கைப்பக்குவத்தோடு அவர் ஜக்கூருக்கு வந்தார்.

முந்திரிச் சோதனையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். அனகார்டிக் அமிலம் பி300ஐத் தடுக்கிறது என்று சொல்வது ஒன்றும் பெரிய வித்தையில்லை. கதிரியக்க ட்ரிட்டியம் ஏற்றிய அசிட்டைல்-கோஏ (அசிட்டைலைத் தரும் மூலக்கூறு), ஹிஸ்டோன், பி300 மூன்றையும் ஒரு குழாயில் போட்டுச் சிறிது நேரம் வைத்தால் ஹிஸ்டோன் கதிரியக்கம் பெறும். களிமத்தில் ஓட்டி, உலர்த்தி, ஃபிலிமின் மேல் வைத்து, குளிர்பெட்டியில் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். ட்ரிட்டியத்தின் கதிர் அவ்வளவு மெலிது. தடுப்பான் இருந்தால் ஃபிலிமில் கோடு மங்கும். ஆனால் இது முந்திரி எண்ணெய். தோலையே வேகவைப்பது. அது நொதியைத் தடுத்ததா, கையில் கிடைத்த புரதத்தையெல்லாம் குலைத்துப் போட்டதா?

அதற்குத்தான் இரண்டாவது சோதனை. ஒரே மரபணுத் துண்டை இரண்டு விதமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒன்று வெறும் டிஎன்ஏ. மற்றது ஹிஸ்டோன்களோடு சேர்த்துக் குழாயிலேயே கட்டிய குரோமாட்டின். இரண்டிலும் உயிரணு உட்கருவின் சாற்றை ஊற்றிப் படியெடுக்கச் சொல்கிறார்கள். வெறும் டிஎன்ஏவுக்கு பி300இன் அசிட்டைல் வேலை தேவையில்லை, குரோமாட்டினுக்குத் தேவை. அனகார்டிக் அமிலம் எல்லாவற்றையும் குலைக்கிறது என்றால் இரண்டிலும் படியெடுத்தல் நின்றுபோக வேண்டும். வெறும் டிஎன்ஏவில் ஒன்றும் ஆகவில்லை. குரோமாட்டினில் மட்டும் படியெடுத்தல் விழுந்தது. இந்த ஒப்பீட்டுச் சோதனை இல்லாவிட்டால் மிச்சமிருப்பது இன்னொரு மூலிகைச் சாறு, இன்னொரு மங்கிய கோடு, அவ்வளவுதான். இயற்கைப் பொருள்களைச் சோதிக்கும் நம் கல்லூரி ஆய்வுகள் பல இந்த இரண்டாவது படியில்தான் கோட்டை விடுகின்றன.

பி300ஐ அடக்கும் மூலக்கூறு அதற்கு முன்னும் உண்டு. பிலிப் கோல் குழு 2000இல் லைசில்-கோஏ என்ற செயற்கைப் பொருளைக் கட்டியிருந்தது. குறி தப்பாது, ஆனால் உயிரணுவின் சவ்வைத் தாண்டி உள்ளே போகாது. இயற்கையிலிருந்து முதலில் வந்தது முந்திரி. அதற்கு அடுத்த ஆண்டே, 2004இல், ஜக்கூரிலிருந்து இன்னும் இரண்டு. ஒன்று கார்சினால். கர்நாடகக் கரையோரத்தில் புனர்புளி என்றும் முருகலு என்றும் சொல்கிற கோகம் பழத்தின் தோலில் இருப்பது. (மீன்குழம்பில் போடும் குடம்புளி இதன் உறவு, இதுவே அல்ல.) கார்சினால் சவ்வைத் தாண்டியது. ஆனால் உள்ளே போய்ப் பெரும்பாலான மரபணுக்களின் வேகத்தை ஒருசேரக் குறைத்தது, உயிரணுக்களைச் சாகடித்தது. அதன் மூலக்கூறில் கைவைத்து பி300ஐ மட்டும் தொடும்படி எல்டிகே14 என்ற ஒன்றைப் பின்னால் உருவாக்கினார்கள். கொடிவேலி வேரில் உள்ள பிளம்பாஜினும் 2009இல் இந்த வரிசையில் சேர்ந்தது.

2004இன் இரண்டாவது பொருள், கர்க்குமின். அதாவது மஞ்சளின் சத்து. பி300ஐயும் சிபிபியையும் அது தடுக்கிறது, பிகேஃப் என்ற வேறொரு அசிட்டைல் நொதியைத் தொடுவதில்லை என்று ஜக்கூரிலிருந்து அந்த ஆண்டு வந்த கட்டுரை சொன்னது. எய்ட்ஸ் வைரஸின் டாட் புரதத்தில் பி300 அசிட்டைல் ஏற்றுவதையும் கர்க்குமின் குறைத்தது. சில ஆண்டுகள் கழித்து ஜப்பானியக் குழு ஒன்று, இதயம் பலவீனமான எலிகளுக்குக் கர்க்குமின் கொடுத்துப் பலன் கண்டு, அதற்குக் காரணம் பி300 அடங்குவதே என்று 2008இல் எழுதியது. மஞ்சளுக்கு நம் ஊரில் கேட்கவா வேண்டும். காயத்தை ஆற்ற மஞ்சள் என்பதற்கு அமெரிக்காவில் 1995இல் கொடுத்த காப்புரிமையை இந்தியாவின் சிஎஸ்ஐஆர் வழக்காடி 1997இல் ரத்துசெய்ய வைத்த கதை பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதோடு மனித மரபணுவையே மஞ்சள் கட்டுப்படுத்துகிறது என்று அறிவியல் இதழே சொல்லிவிட்டால் விற்பனைக்கு வேறென்ன வேண்டும்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சோதனைக் குழாயில் பி300இன் வேகத்தைப் பாதியாகக் குறைக்கக் கர்க்குமின் சுமார் 25 மைக்ரோமோலார் செறிவில் தேவைப்பட்டது. தைவானில் 2001இல் வெளிவந்த ஆய்வொன்றில் நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 8 கிராம் கர்க்குமின் வரை கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் உச்சமாக ஏறியது சராசரியாக இரண்டு மைக்ரோமோலாருக்கும் கீழே. குடல் அதை உள்ளே விடுவதில்லை, விட்டதையும் கல்லீரல் உடனே மாற்றி வெளியேற்றுகிறது. மஞ்சள் தூளில் கர்க்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு என்று வைத்தால், 8 கிராமுக்குக் கால் கிலோவுக்கு மேல் மஞ்சள் தூள் வேண்டும். ஜோகுபாளையத்தில் ஒரு வீட்டில் மாதம் முழுக்கக் குழம்பில் போடுவதே அவ்வளவு இருக்காது. அதை ஒருவர் ஒரே நாளில் விழுங்கினாலும் தேவையான செறிவில் பத்தில் ஒரு பங்கை எட்டுவதில்லை.

மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் கேத்ரின் நெல்சன், மைக்கேல் வால்டர்ஸ் குழு 2017இல் இதைவிடக் கடுமையாகப் பேசியது. கர்க்குமின் நிலையில்லாத பொருள், பல புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது, தானே ஒளிர்ந்து அளவீடுகளைக் குழப்புகிறது. மனிதர்களிடம் நூற்றிருபதுக்கும் மேற்பட்ட சோதனைகள் நடந்தும், மருந்து யாருக்கு, போலி யாருக்கு என்பது இரு தரப்புக்கும் தெரியாமல் நடத்தும் கறாரான சோதனை எதிலும் அது வென்றதில்லை என்றார்கள். ஜக்கூர்க் கட்டுரை இதனால் தவறாகிவிட்டதா என்றால், என் பார்வையில் இல்லை. அது சொன்னது குழாயிலும் வளர்ப்பு உயிரணுவிலும் நடந்ததை. ஆனால் அதன் தலைப்பில் உள்ள ‘பி300/சிபிபிக்கே உரிய தடுப்பான்’ என்ற சொற்களை அப்படியே ஏற்கத் தயக்கமிருக்கிறது. மற்ற அசிட்டைல் நொதிகளோடு ஒப்பிட்டால் அது உரியது. உயிரணுவிலுள்ள மற்ற ஆயிரம் புரதங்களோடு ஒப்பிட்டால் இல்லை. இந்த இரண்டு அர்த்தங்களுக்கும் நடுவே விழுந்த இடைவெளியில்தான் மாத்திரைக் கம்பெனிகள் கடை போட்டன.

இந்தப் புரதத்தைத் தடுப்பது நல்லதா என்ற அடிப்படைக் கேள்விக்கு வருவோம். சுண்டெலியில் இரண்டு பி300 மரபணுப் பிரதிகளையும் நீக்கினால் கரு ஒன்பதாம் நாளுக்கும் பதினொன்றரை நாளுக்கும் இடையே இறந்துவிடுகிறது. நரம்புக் குழல் மூடுவதில்லை, இதயம் சரியாக உருவாவதில்லை. டேவிட் லிவிங்ஸ்டன் குழு 1998இல் கண்டது இது. அதைவிட என்னை நிறுத்தியது இன்னொரு முடிவு. பி300இல் ஒரு பிரதி, சிபிபியில் ஒரு பிரதி என்று மட்டும் குறைத்தாலும் கரு பிழைக்கவில்லை. எந்தப் புரதமும் அறவே இல்லாமல் போகவில்லை, மொத்த அளவு பாதியாகக் குறைந்தது, அவ்வளவே. அதுவே சாவுக்குப் போதும்.

மனிதர்களிடம் இந்த அளவுக் குறைவுக்கு ஒரு முகம் உண்டு. அகன்ற கட்டைவிரல்கள், அகன்ற கால் பெருவிரல்கள், தனித்தன்மையான முகச்சாயல், வளர்ச்சியிலும் அறிவுத்திறனிலும் பின்தங்கல் எல்லாம் சேர்ந்த குழந்தைகளை ஜாக் ரூபின்ஸ்டீனும் ஹூஷங் தைபியும் 1963இல் விவரித்தார்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் பிறப்புகளுக்கு ஒன்று. பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சிபிபியின் மரபணுவில் பழுது, அந்தத் தொடர்பு 1995இல் தெரிந்தது. சிறு பங்கினருக்கு இபி300இல் பழுது என்பதை 2005இல் கண்டார்கள். இபி300 பழுதில் அறிகுறிகள் பெரும்பாலும் மிதமாகவே இருக்கும், கட்டைவிரல் சாதாரணமாகத் தெரிந்து மருத்துவரின் கண்ணுக்குத் தப்பிவிடுவதும் உண்டு. பழுது அநேகமாக அந்தக் குழந்தையிடமே புதிதாகத் தோன்றியதாக இருக்கும். தாயின் சாப்பாட்டிலோ கிரகணத்திலோ குலதெய்வத்திலோ குற்றம் தேட இடமில்லை.

புற்றுநோயிலும் இதே இரட்டைக் கணக்கு. சில கட்டிகளில் இபி300 உடைந்து கிடக்கிறது. வேறு சிலவற்றில் அது அளவுக்கு மீறி ஓடுகிறது. புகையிலையும் பாக்கும் மெல்லும் நம் நாட்டுக்கு நெருக்கமான வாய்ப் புற்றில், ஹிஸ்டோன்களில் அசிட்டைல் கூடுதலாக ஏறியிருப்பதை குண்டுவின் குழு 2010இல் காட்டியது. கர்க்குமினை மாற்றித் தண்ணீரில் கரையும்படி செய்த சிடிகே7ஏ என்ற மூலக்கூறு, எலியில் வளர்த்த வாய்ப் புற்றுக் கட்டியின் வளர்ச்சியைக் குறைத்தது. கவனிக்க வேண்டியது, அது மஞ்சள் அல்ல என்பது. மஞ்சளைப் பார்த்துக் கற்றுக்கொண்டு வேதியியலர் கட்டிய வேறொரு பொருள்.

முந்திரிக் கதைக்கும் இப்படி ஒரு மறுபக்கம் உண்டு, இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்த பகுதி அதுதான். அந்த 2003ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே, அனகார்டிக் அமிலத்தை மாற்றிச் செய்த சிடிபிபி என்ற பொருள் பி300ஐத் தடுக்காமல் தூண்டிவிடுகிறது என்றும் எழுதியிருந்தார்கள். தடுப்பானின் வயிற்றில் பிறந்தது தூண்டி. நொதியை நிறுத்தும் மூலக்கூறு கிடைப்பது வழக்கம், ஓட்டிவிடும் மூலக்கூறு அபூர்வம். சிக்கல், சிடிபிபி உயிரணுவுக்குள் நுழையவில்லை. அதே வளாகத்தில் வேதிப்பொருளியல் பார்க்கும் எம். ஈஸ்வரமூர்த்தியின் கூடத்தில் குளுக்கோஸிலிருந்து நுண்ணிய கார்பன் உருண்டைகள் செய்துகொண்டிருந்தார்கள். அந்த உருண்டையின் மேல் சிடிபிபியை ஏற்றினால் அது உயிரணுச் சவ்வைத் தாண்டி உட்கருவரை போனது. எலியின் மூளைக்குள்ளும் போனது. இந்தக் கூட்டு வேலை 2008இல் ‘நானோ லெட்டர்ஸ்’ இதழில் வந்தது. இரண்டு துறைகள் ஒரே வளாகத்தில் இருந்ததால் கிடைத்த பலன் இது.

பதினைந்து கார்பன் வாலை எடுத்துவிட்டுச் செய்த அடுத்த தூண்டி டிடிகே21. அதை உருண்டையில் ஏற்றி எலிகளுக்குச் செலுத்தியபோது, மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் புதிய நரம்பணுக்கள் முதிர்வது கூடியது, நினைவு நீண்ட நாள் தங்கியது. பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஆன்-லாரன்ஸ் பூத்திலியே குழுவோடு சேர்ந்து செய்து 2013இல் வெளியிட்டார்கள். அல்சைமரைப் போன்ற டாவ் புரத நோய் கொண்ட எலிகளிலும் நினைவு மீண்டதை 2018இல் எழுதினார்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரியின் சிமோன் டி ஜொவானி குழு டிடிகே21ஐத் தண்டுவடக் காயத்துக்கு எடுத்துக்கொண்டது. காயம் பட்டவுடன் தொடங்கினால் நரம்பு வளர்வதோடு எலியின் நடையும் தேறுகிறது என்று 2019இல் முடிவு வந்தது.

பழைய காயம் வேறு கதை. 2022இல் ‘பிஎல்ஓஎஸ் பயாலஜி’யில் வந்த கட்டுரையில், காயமாகிப் பன்னிரண்டு வாரம் கழித்து, வாரம் ஒரு முறை வீதம் பத்து வாரம் எலிகளுக்கு அதே மருந்தைக் கொடுத்தார்கள். நரம்பு இழைகள் துளிர்த்தன, இணைப்புகள் கூடின. நடை திரும்பவில்லை. சில நாளிதழ்கள் முதல் பாதியை மட்டும் போட்டன. கட்டுரை எழுதியவர்கள் இரண்டாவது பாதியை மறைக்கவில்லை.

இன்றைக்கு பி300, சிபிபி இரண்டையும் குறிவைத்து மனிதர்களிடம் சோதனையில் இருக்கும் மருந்துகளில் முன்னால் நிற்பது இனோப்ரோடிப். இங்கிலாந்தின் செல்சென்ட்ரிக் நிறுவனத்துடையது, மல்டிபிள் மைலோமா உள்ளிட்ட ரத்தப் புற்றுகளுக்கானது. அது நொதிப் பகுதியைத் தொடுவதில்லை, அதே புரதத்தின் ப்ரோமோடொமைன் என்ற வேறொரு குழியில் போய் உட்காருகிறது. மஞ்சளுக்கும் முந்திரிக்கும் அதில் பங்கில்லை. ஜக்கூரின் பங்கை எங்கே வைப்பது? உயிரணுவில் பி300ஐ ஏற்றியும் இறக்கியும் பார்க்க உலகத்து ஆய்வாளர்களுக்குக் கருவிகள் கொடுத்த இடம் என்று வைப்பேன். மருந்து கொடுத்த இடம் என்று சொல்ல இன்னும் காலம் வரவில்லை.

குழம்பில் மஞ்சள் போடுவதை யாரும் நிறுத்த வேண்டாம். மாத்திரையும் கேப்ஸ்யூலும் வேறு விஷயம். உறிஞ்சுதலைக் கூட்டுவதற்காக மிளகுச் சத்தோடு சேர்த்து விற்கும் கர்க்குமின் மாத்திரைகளால் கல்லீரல் பாதித்த நிகழ்வுகள் அமெரிக்காவிலும் இத்தாலியிலும் பதிவாகியிருக்கின்றன. வீட்டில் யாராவது புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டிருக்கும்போது உறவினர் ஒருவர் அந்த டப்பாவோடு வந்து நின்றால், வாங்கி வையுங்கள், மனம் நோகப் பேச வேண்டாம். ஆனால் சிகிச்சை பார்க்கும் மருத்துவரிடம் காட்டாமல் ஒன்றுகூடக் கொடுக்காதீர்கள்.